துப்பாக்கி, தடயம், தொடர்கதை: வாசகர் கேள்விகள்

ராணுவப் பின்னணியில், கொலையாளிகளைத் துரத்தும் அரசு அதிகாரியைக் கதாநாயகனாக வைத்துத் தொடர்கதை எழுதுகிறவர்களும், அப்படிப்பட்ட தொடர்களை ஒன்றுவிடாமல் படிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். எல்லாக் கேள்விகளுக்கும் களம் சென்னைதான். பதில்களில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்போம்: சட்டமும் தூரமும் வெயிலும் அதிகாரியின் கையைக் கட்டுகிற இடத்தில்தான் கதை சூடு பிடிக்கிறது. அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு எழுதினால் விறுவிறுப்பும் கூடவே போய்விடுகிறது.

கேள்வி: என் கதாநாயகன் ‘ரா’ அதிகாரி. முதல் அத்தியாயத்திலேயே சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கொலையாளியைக் கைது செய்கிறான். அது நடக்காது என்கிறார் நண்பர். ஏன்?
– வாசகர், பெரம்பூர்

நண்பர் சொல்வது சரி. 1968-ல் தொடங்கப்பட்ட ‘ரா’ வெளிநாட்டு உளவுக்கான அமைப்பு. அதன் அதிகாரிகளுக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. உள்நாட்டு உளவைப் பார்க்கும் ஐ.பி.க்கும் கிடையாது. இரண்டு அமைப்புகளும் தகவலைக் கொடுக்கும். கைவிலங்கு போலீஸ் கையில்தான் இருக்கும்.

சி.பி.ஐ. அதிகாரியாக மாற்றலாம், ஆனால் அங்கே வேறு சிக்கல். 1946-ம் ஆண்டின் டெல்லி சிறப்புக் காவல் சட்டப்படி, மாநிலத்தின் சம்மதம் இருந்தால்தான் சி.பி.ஐ. அந்த மாநிலத்தில் விசாரிக்க முடியும். தமிழ்நாடு தன் பொதுச் சம்மதத்தை 2023 ஜூனில் விலக்கிக்கொண்டது. எனவே ஒவ்வொரு வழக்குக்கும் மாநில அரசு தனியாகச் சம்மதம் தர வேண்டும், அல்லது உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட வேண்டும்.

உங்களுக்குப் பொருத்தமானது என்.ஐ.ஏ. எனப்படும் தேசியப் புலனாய்வு முகமை. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008-ல் வந்த சட்டத்தின் கீழ் உருவானது. அதன் அதிகாரிக்கு நாடு முழுவதும் போலீஸ் அதிகாரிக்குள்ள அதிகாரம் உண்டு. ஆனால் வெறும் கொலை வழக்கை என்.ஐ.ஏ. எடுக்காது. சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றம் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். ‘உபா’ எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் அதில் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு வெடிபொருள் சட்டமும், தடை செய்யப்பட்ட ஆயுதங்களைத் தயாரித்து விற்கும் குற்றமும் சேர்ந்தன. ஆகவே முதல் கொலை கத்தியால் நடக்கட்டும், இரண்டாவது கொலையில் வெடிபொருள் வரட்டும். அந்த இரண்டாவது கொலைதான் உங்கள் கதாநாயகனுக்குக் கதவைத் திறக்கிறது.

அதற்குப் பிறகு வருவது எழுத்தாளருக்குக் கிடைத்த வரம். உள்ளூர் ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. ஸ்டேஷன் மாநில அரசுக்கு அறிக்கை அனுப்புகிறது, மாநில அரசு அதை மத்திய அரசுக்கு அனுப்புகிறது, என்.ஐ.ஏ.யிடம் கொடுப்பதா என்று மத்திய அரசு 15 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். முடிவு வரும்வரை உள்ளூர் இன்ஸ்பெக்டர்தான் விசாரணையைத் தொடர வேண்டும். வழக்கு கைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் தூங்காமல் உழைக்கிற ஒரு பெரம்பூர் இன்ஸ்பெக்டரை நினைத்துப் பாருங்கள். 15-ம் நாள் அவர் கேஸ் டைரியைக் கையளிக்கும் காட்சி, எந்தத் துப்பாக்கிச் சண்டையையும்விட வலுவாக நிற்கும்.

கேள்வி: ராணுவத்தில் கேப்டன், கடற்படையில் கேப்டன்: இருவரும் சமமா?
– வாசகி, ராயபுரம்

இல்லை. கடற்படை கேப்டன், ராணுவத்தின் கர்னலுக்குச் சமம். ராணுவ கேப்டனுக்குச் சமமானவர் கடற்படை லெஃப்டினன்ட். சென்னையின் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். அடையாறில் ஒரு கடற்படை கேப்டனும் பரங்கிமலையில் ஒரு ராணுவ கேப்டனும் சந்திக்கும் காட்சி எழுதினால், சல்யூட்டை முதலில் அடிக்க வேண்டியவர் ராணுவக்காரர். இன்னொன்று, சுபேதார், நாயப் சுபேதார் போன்றவர்களை இளம் அதிகாரிகள் பெயரோடு ‘சாப்’ சேர்த்தே கூப்பிடுவார்கள். 22 வயது லெஃப்டினன்ட், 45 வயது சுபேதாரை ‘ஏய்’ என்று அழைப்பதாக எழுதினால் படையில் இருந்த எந்த வாசகரும் அங்கேயே பத்திரிகையை மூடிவிடுவார்.

கேள்வி: பல்லாவரம் கன்டோன்மென்ட் பகுதிக்குள் ஒரு சிப்பாய் கொல்லப்படுகிறார். கொன்றவரும் சிப்பாய். வழக்கு யாருடையது? போலீஸா, ராணுவமா?
– வாசகர், பல்லாவரம்

இந்தக் கேள்வியை வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.

1950-ம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் மூன்று பிரிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 69-வது பிரிவு, சாதாரணக் குற்றங்களையும் ராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிறது. 70-வது பிரிவு அதற்கு வேலி போடுகிறது. ராணுவச் சட்டத்துக்கு உட்படாத ஒருவரை, அதாவது ஒரு பொதுஜனத்தைக் கொன்றால், ராணுவ நீதிமன்றம் விசாரிக்க முடியாது. போர்ப்பணியில் இருந்தபோதோ, இந்தியாவுக்கு வெளியிலோ, அறிவிக்கப்பட்ட எல்லைச் சாவடியிலோ நடந்தால் மட்டும் விலக்கு. உங்கள் கதையில் இறந்தவரும் சிப்பாய் என்பதால் அந்த வேலி இல்லை. ராணுவ நீதிமன்றமும் விசாரிக்கலாம், செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றமும் விசாரிக்கலாம்.

எது என்பதை முடிவு செய்வது 125-வது பிரிவு. படையின் உரிய தளபதி, “இதை நாங்களே விசாரிக்கிறோம்” என்று சொல்லலாம். நீதிமன்றம் அதை ஏற்காவிட்டால், கைதியை ஒப்படைக்கச் சொல்லவோ, மத்திய அரசின் முடிவு வரும்வரை நிறுத்திவைக்கச் சொல்லவோ எழுத்தில் கேட்கலாம். அப்படிப் போனால் மத்திய அரசு சொல்வதே இறுதி. இதற்கென 1978-ல் தனி விதிகளும் வந்திருக்கின்றன. இந்தக் கடிதங்கள் போய்வரும் நாட்களில் உங்கள் அதிகாரிக்குச் சந்தேக நபரிடம் பேச ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

எழுத்தாளர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று. ‘கோர்ட் ஆஃப் என்கொயரி’ என்பது விசாரணை நீதிமன்றம் அல்ல. உண்மையைத் திரட்டும் குழு மட்டுமே. அதில் யாரும் தண்டிக்கப்படுவதில்லை, அங்கே சொன்ன வாக்குமூலம் பின்னால் ராணுவ நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் செல்லாது. அதன்பின் கமாண்டிங் ஆபீசர் குற்றச்சாட்டைக் கேட்பார், சாட்சியச் சுருக்கம் எழுதப்படும், பிறகுதான் ஜெனரல் கோர்ட் மார்ஷல் எனப்படும் ராணுவ நீதிமன்றம் கூடும். அதில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் உட்கார வேண்டும், ஒவ்வொருவரும் அதிகாரியாகி மூன்று ஆண்டுகளாவது முடித்திருக்க வேண்டும். மரண தண்டனை விதிக்க மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும், மத்திய அரசு அதை உறுதிப்படுத்தவும் வேண்டும். மேல்முறையீட்டுக்கு ராணுவத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. ஒரே அத்தியாயத்தில் விசாரித்து, தண்டித்து, சுட்டுத் தள்ளுவது நம் நாட்டுக் கதையாக இராது.

கேள்வி: அண்ணா சாலையில் ஒரு மாடியிலிருந்து 600 மீட்டர் தூரத்தில் நிற்பவரைச் சைலன்சர் பொருத்திய துப்பாக்கியால் சுடுகிறான். யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. சரியா?
– வாசகர், திருவல்லிக்கேணி

சரியில்லை. ஆனால் உண்மையைத் தெரிந்துகொண்டால் இதைவிட நல்ல காட்சி கிடைக்கும்.

சுடும்போது இரண்டு சத்தம் உண்டாகிறது. ஒன்று, குழாய் முனையில் வாயு வெடித்து வெளியேறும் சத்தம். இன்னொன்று, ஒலியைவிட வேகமாகப் போகும் தோட்டா காற்றைக் கிழிப்பதால் வழி நெடுக எழும் ‘படார்’ என்ற சத்தம். சைலன்சர் முதல் சத்தத்தை மட்டும் குறைக்கும், அதையும் முழுதாக அடக்காது. ரைஃபிளின் சத்தம் 160 டெசிபலுக்கு மேல் போகும். நல்ல சைலன்சர் அதில் 25 முதல் 35 வரை குறைக்கலாம். நம் நாட்டில் பட்டாசுக்கு அனுமதித்திருக்கும் அளவே, 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். அதாவது சைலன்சர் போட்ட ரைஃபிளும் சுடுகிறவன் பக்கத்தில் நின்றால் தீபாவளி வெடிக்குக் குறையாது.

இப்போது கணக்கு. முதலில் சைலன்சர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் 35 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். 7.62 மி.மீ. ரைஃபிள் தோட்டா நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்பி, காற்றில் வேகம் குறைந்துகொண்டே வரும். 600 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 0.9 நொடி. துப்பாக்கிச் சத்தம் அதே தூரத்தைக் கடக்க 1.7 நொடி. ஆகவே சுடப்பட்டவர் விழுகிற கணத்திலேயே பக்கத்தில் நிற்பவருக்கு ‘படார்’ கேட்கும். அதற்கு 0.8 நொடி கழித்துத் தூரத்தில் ‘டொம்’ என்று இன்னொன்று கேட்கும். சாட்சிகள் இரண்டு முறை சுட்டதாகச் சொல்வார்கள். தோட்டா ஒன்றுதான் கிடைக்கும். உங்கள் அதிகாரி குழம்பட்டும்.

பிறகு, அந்த நேரத்தில் யாரோ செல்போனில் எடுத்த வீடியோ கிடைக்கட்டும். அதன் ஒலித்தடத்தில் இரண்டு சத்தத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தால் சுட்ட தூரம் தெரிந்துவிடும். படைவீரர்கள் காலங்காலமாகக் காதாலேயே செய்துவரும் கணக்கு இது. ராணுவத்திலிருந்து வந்த அதிகாரிக்கு இது தெரிந்திருப்பதும், பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரருக்குத் தெரியாமல் இருப்பதும் இயல்பு. கொலையாளி சைலன்சர் போட்டிருந்தால் ‘டொம்’ பதிவாகியிருக்காது, கணக்கும் போட முடியாது. அப்போது ‘படார்’ மட்டும் கட்டடச் சுவர்களில் மோதித் திரும்பி, திசையையும் குழப்பிவிடும். சைலன்சரின் உண்மையான பயன் இதுதான்.

ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டா என்று ஒன்று உண்டு. அதில் ‘படார்’ இருக்காது. ஆனால் 600 மீட்டர் என்பது அதற்கு எட்டாத தூரம். அதை எடுத்தால் கொலையாளியைப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டுவாருங்கள். காற்றையும் மறக்க வேண்டாம். கோடையில் நண்பகலையொட்டிக் கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரத் தொடங்கும். அண்ணா சாலையில் காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் ஒரே மாதிரிக் குறி வைக்க முடியாது.

கேள்வி: துப்பாக்கி விவரங்களில் பொதுவாக வரும் தவறுகள்?
– வாசகர், ஆவடி

சுருக்கமாக. ரிவால்வரில் சுட்டால் தோட்டாக் கூடு வெளியே விழாது, அது சுழலும் உருளைக்குள்ளேயே இருக்கும். எனவே ‘தரையில் சிதறிய கூடுகள்’ வேண்டுமென்றால் பிஸ்டல் கொடுங்கள். ரிவால்வருக்குச் சைலன்சர் போட்டுப் பயனில்லை, உருளைக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக வாயு வெளியேறிவிடும். குளாக் பிஸ்டலில் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி கிடையாது, ‘சேஃப்டியை விடுவித்தான்’ என்று எழுத வேண்டாம். இன்சாஸ் ரைஃபிளின் மேகசினில் 20 குண்டு, மூன்று மூன்றாகச் சுடும் வசதி உண்டு. டிரகுனோவ் ஸ்னைப்பர் ரைஃபிளில் 10. நம் படைகளில் நெடுங்காலமாக இருக்கும் 9 மி.மீ. பிஸ்டலில் 13. எண்ணிக்கையைக் கதாபாத்திரம் எண்ணாவிட்டாலும் நீங்கள் எண்ண வேண்டும், ஏனெனில் ஆவடி வாசகர்கள் எண்ணுவார்கள். தனிநபர் லைசென்ஸில் 9 மி.மீ. கிடைக்காது, அது தடை செய்யப்பட்ட வகை. தொழிலதிபர் மேஜை டிராயரில் இருப்பது .32 ஆக இருக்கட்டும்.

கேள்வி: மே மாதம், வேளச்சேரியில் பூட்டிய வீட்டில் பிணம். “இரவு 10.15-லிருந்து 10.30-க்குள் இறந்திருக்கிறார்” என்கிறார் டாக்டர். ஏற்கலாமா?
– வாசகி, வேளச்சேரி

கால் மணி நேரக் கணக்கை எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். அதிலும் சென்னை மே மாதத்தில் சொல்லவே முடியாது.

உடல் குளிர்வதை வைத்து நேரம் கணிப்பது குளிர்நாட்டுக் கதைகளில் எடுபடும். உயிருள்ள உடலின் வெப்பம் 37 டிகிரி. மே மாதத்தில் பூட்டிய அறையின் வெப்பமே அதை ஒட்டி நிற்கும். உடல் குளிர இடமில்லாதபோது அந்தக் கணக்கு செத்துப்போகிறது. மிச்சமிருப்பவை மூன்று. விறைப்பு: நம் வெப்பநிலையில் 1–2 மணி நேரத்தில் இமையிலும் தாடையிலும் தொடங்கி, 12 மணி நேரத்துக்குள் உடல் முழுதும் பரவும். கோடையில் சீக்கிரமே விலகத் தொடங்கிவிடும். ரத்தம் தேங்கித் தோலில் தெரியும் நிறம்: 6 முதல் 12 மணி நேரத்தில் இடம் மாறாமல் நிலைத்துவிடும். முதுகில் நிலைத்த நிறத்தோடு ஒருவர் குப்புறக் கிடந்தால், யாரோ பிறகு புரட்டியிருக்கிறார்கள். அழுகல்: கோடையில் 12–18 மணி நேரத்தில் அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை படரும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும் சில மணி நேர இடைவெளியைத்தான் சொல்ல முடியும்.

இந்தப் பலவீனத்தைக் கொலையாளிக்கு ஆயுதமாக்கலாம். ஏ.சி.யை 18-ல் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிப் போகிறான். அழுகல் தாமதமாகிறது, டாக்டர் சொல்லும் நேரம் தள்ளிப்போகிறது, அவனுக்கு அலிபி கிடைக்கிறது. ஆனால் அன்று இரவு வேளச்சேரியில் மின்வெட்டு. அந்த ஏ.சி. மின்சாரம் வந்ததும் தானாக ஓடாத வகை. மின்வாரியத்தின் மின்தடைப் பதிவை உங்கள் அதிகாரி கேட்டு வாங்குகிற இடத்தில் கதை திரும்பட்டும்.

இன்னொரு நடைமுறை. சூரியன் மறைந்த பிறகும் வசதியுள்ள மருத்துவமனைகளில் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவை அதில் சேராது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் விலக்கு. எனவே மாலை ஏழு மணிக்குக் கிடைத்த உடலை எட்டு மணிக்கு ராயப்பேட்டையில் அறுத்துப் பார்ப்பது போல எழுத வேண்டாம். அந்த ஓர் இரவு காத்திருப்பே கதைக்கு உதவும்.

கேள்வி: தோட்டா கிடைத்த ஒரு மணி நேரத்தில் “இது இன்ன துப்பாக்கி, இன்னாருடையது” என்று ஆய்வகம் சொல்லிவிடுமா?
– வாசகர், மயிலாப்பூர்

உங்கள் ஊரிலேயே, காமராஜர் சாலையில்தான் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமை ஆய்வகம் இருக்கிறது. ஆனால் தோட்டா அங்கே ஜீப்பில் நேராகப் போவதில்லை. முதலில் சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதிக் கைப்பற்ற வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவுப்படி, கைப்பற்றுவதை வீடியோ எடுக்கவும் வேண்டும். பிறகு சீல் வைத்து நீதிமன்றத்தில் ஒப்படைத்து, நீதிமன்றக் கடிதத்தோடு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணரே சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

தோட்டாவை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியது, அளவு என்ன, குழாயின் உள்வரிகள் எத்தனை, அவை இடப்பக்கமாகச் சுழல்கின்றனவா வலப்பக்கமாகவா என்பவை. ‘இந்தத் துப்பாக்கிதான்’ என்று சொல்ல, சந்தேகத் துப்பாக்கி கையில் வேண்டும். அதில் சோதனைத் தோட்டாவைத் தண்ணீர்த் தொட்டியிலோ பஞ்சிலோ சுட்டு எடுத்து, இரண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கம் பக்கமாக வைத்துக் கோடுகளைப் பொருத்திப் பார்ப்பார்கள். நாட்டுத் துப்பாக்கியின் குழாய் வழுவழுப்பாக இருந்தால் இந்தக் கோடுகளே விழாது. அப்போது சுத்தி ஊசி, கூட்டின் அடியில் குத்திய தடம்தான் கதி. கொலையாளி கூட்டைப் பொறுக்கி எடுத்துப் போயிருந்தால் அதுவும் இல்லை.

சுட்டவன் கையில் ஒட்டும் ஈயம், பேரியம், ஆன்டிமனித் துகள்கள் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். உயிரோடு நடமாடுகிறவன் கையில் அவை சில மணி நேரம்தான் நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். மறுநாள் பிடித்தவனின் கையைத் துடைத்து நிரூபிப்பது நம்பும்படி இருக்காது. சட்டைக் கைப்பட்டையில் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: கதாநாயகனின் கணினி நண்பர் பத்து நொடியில் கொலையாளியின் செல்போன் இருக்கும் அறையைக் காட்டிவிடுகிறார்.
– வாசகர், தியாகராய நகர்

சி.டி.ஆர். எனப்படும் அழைப்புப் பதிவில் பேச்சு இருக்காது. யார் யாரை எப்போது எத்தனை நொடி அழைத்தார், கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், அழைப்பு தொடங்கிய கோபுரம், முடிந்த கோபுரம், அவ்வளவுதான். ஒரு கோபுரம் பெரும்பாலும் மூன்று பக்கமாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் 120 டிகிரியைப் பார்க்கும். தி.நகரில் அது சில நூறு மீட்டர் விசிறி. அதற்குள் ரங்கநாதன் தெருவே முழுதாக அடங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர் முடிந்த பிறகு அந்த விசிறி கிலோமீட்டர் கணக்கில் விரியும். வாட்ஸ்அப் அழைப்பு சி.டி.ஆரில் வரவே வராது. பேச்சை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் நிலையில் எழுத்து உத்தரவு வேண்டும். அதற்கு 60 நாள் ஆயுள், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது.

கொலையாளிகள் சிக்குவது புது சிம்மைப் பழைய கருவியில் போடும்போது. ஐ.எம்.இ.ஐ. காட்டிக்கொடுத்துவிடும். மூன்று கொலை நடந்த மூன்று இடங்களின் கோபுரப் பதிவுகளையும் மொத்தமாக வாங்கி, மூன்றிலும் வரும் எண்ணைத் தேடுவது இன்னொரு முறை. மெதுவான, கண் எரியும் வேலை. அதை ஒரு முழு அத்தியாயமாக எழுதுங்கள். கடைசியில் அந்தப் பதிவு நீதிமன்றத்தில் நிற்க, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடும், இருக்க வேண்டும். சான்றிதழை மறந்த அதிகாரியால் ஒரு கொலையாளி வெளியே போவது நம்பக்கூடிய திருப்பம்தான்.

கேள்வி: கற்பனை போதும். சென்னையை மையமாக வைத்து உண்மையில் நடந்த இப்படிப்பட்ட வேட்டையிலிருந்து எழுத்தாளர் என்ன எடுத்துக்கொள்ளலாம்?
– வாசகர், பூந்தமல்லி

1991-ஐப் படியுங்கள். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மூன்று நாளில் சி.பி.ஐ.யின் சிறப்புப் புலனாய்வுக் குழு டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில் அமைந்தது. கிரீன்வேஸ் சாலையில் ‘மல்லிகை’ என்ற கட்டடம் அதன் அலுவலகமானது.

வழக்கைத் திறந்தது ஒரு கேமரா. குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் உடலருகே அது கிடைத்தது. படச்சுருளில் 10 படங்கள். மாலையோடு நிற்கும் பெண், வெள்ளைக் குர்தாவில் பத்திரிகையாளர்போல நிற்கும் ஆண். கொலையைப் பதிவு செய்ய வந்த கேமராவே கொலையாளிகளைக் காட்டிக்கொடுத்தது. குண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்பதை, சிதறிய உடல் பாகங்களையும் துணித் துண்டுகளையும் சேர்த்து வைத்துக் காட்டியவர், அன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநர் பி. சந்திரசேகரன். எந்தப் பாகம் மிஞ்சியது, எது மிஞ்சவில்லை என்பதிலிருந்தே குண்டு எங்கே இருந்தது என்று தெரிந்தது. பொறுமையாகக் கூட்டிப் பார்த்த வேலை அது.

அடுத்தது பெங்களூரு அருகே கோணனகுண்டே. படத்தில் குர்தாவோடு நின்ற சிவராசனின் குழு பதுங்கியிருந்த வீட்டை ஆகஸ்ட் 18 அன்று சூழ்ந்தார்கள். தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்களும் வந்தார்கள். ஆனால் உள்ளே இருப்பவர்களிடம் சயனைடு இருந்தது, உயிரோடு பிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் உள்ளே நுழைவது தள்ளிப்போனது. 20-ம் தேதி காலை நுழைந்தபோது ஏழு பேரும் இறந்திருந்தார்கள். கொலை நடந்து 91 நாள். கமாண்டோ கதை எழுதுகிறவர்கள் அந்த இரண்டு இரவுகளை யோசிக்க வேண்டும். வாசலில் ஆயுதத்தோடு நூற்றுக்கணக்கானவர்கள் நின்றும், உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் உள்ளே போய்ச்சேர்ந்துவிட்டார்கள்.

வேட்டை முடிந்தும் வழக்கு முடியவில்லை. உயிரோடு பிடிபட்ட 26 பேருக்கும் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது. தொடர்கதையில் கைதோடு ‘முற்றும்’ போடுவதற்கு முன் இந்த எண்களை ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: ஐந்து புத்தகங்களுக்கு ஒரே கதாநாயகி. ராணுவத்திலிருந்து வந்த என்.ஐ.ஏ. அதிகாரி. வயதை எப்படிக் கணக்கிடுவது?
– வாசகி, பரங்கிமலை

உங்கள் ஊர் ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமியிலிருந்தே தொடங்குங்கள். 1992 முதல் அங்கே பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சி 49 வாரம். 21-ல் சேர்ந்து 22-ல் லெஃப்டினன்ட், இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறு ஆண்டில் மேஜர். குறுகிய காலப் பணி 10 ஆண்டு, ஆக 32-ல் மேஜராக வெளியே வருகிறார். முன்னாள் குறுகிய காலப் பணி அதிகாரிகளுக்குக் குடிமைப் பணித் தேர்வில் ஐந்தாண்டு வயதுச் சலுகை உண்டு. 33-ல் தேர்ச்சி, 35 வாக்கில் ஐ.பி.எஸ். பயிற்சி முடிகிறது, எஸ்.பி. நிலையில் என்.ஐ.ஏ.வுக்கு அயல்பணியில் வரும்போது 40. முதல் புத்தகம் அங்கே தொடங்கட்டும். 28 வயதில் எல்லாம் சாதித்தவராக எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள், 40 வயதுப் பெண் அதிகாரிக்குச் சொல்ல நிறையக் கதை இருக்கும்.

ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, கிழமை, கதாநாயகிக்கு அன்று தெரிந்தது, கொலையாளி அன்று செய்தது. தொடர்கள் சொதப்புவது பெரும்பாலும் மூன்றாவது பத்தியில்தான். எட்டாம் வாரத்தில் தெரிய வேண்டியது ஐந்தாம் வாரத்திலேயே கதாநாயகியின் வாயில் வந்துவிடும். முதல் புத்தகத்தில் இடது தோளில் குண்டு பட்டிருந்தால் அதையும் எழுதிவையுங்கள், மூன்றாம் புத்தகத்தில் அதே தோளால் கதவை உடைக்க வைத்துவிடாதீர்கள். அவரை ‘தேசியப் பாதுகாப்புப் படை’ என்று குழப்பவும் வேண்டாம். அந்தப் படை தாக்குதலை முறியடிக்கும், வழக்கு விசாரிக்காது. அதன் சென்னை மையம் வண்டலூர் பக்கம் நெடுங்குன்றத்தில் இருக்கிறது. மாலை நெரிசலில் அங்கிருந்து பாரிமுனைக்கு வரும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: கடைசி அத்தியாயத்தில் கொலையாளி அதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். கதை முடிந்ததுதானே?
– வாசகர், எழும்பூர்

போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் அவனுக்கு எதிராகச் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 பிரிவுகள் இப்போது புதிய சட்டத்தின் 23-வது பிரிவில் இருக்கின்றன. என்.ஐ.ஏ. அதிகாரியும் இதற்குப் போலீஸ்தான். ஒரே விலக்கு, அவன் சொன்னதை வைத்துப் புதிதாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு இட்டுச்சென்ற அளவுக்கு மட்டும் அந்தப் பேச்சு செல்லும். “துப்பாக்கியைக் கூவம் பாலத்துக்கு அடியில் மூன்றாவது தூணோரம் புதைத்தேன்” என்பது நிற்கும். “அதால்தான் அவரைக் கொன்றேன்” என்பது நிற்காது.

முழு ஒப்புதல் வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போக வேண்டும். அவர் முதலில், “நீ சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படும்” என்று எச்சரிப்பார். யோசிக்க அவகாசம் தருவார், வழக்கமாக ஒரு நாள். போலீஸார் அறைக்குள் இருக்க மாட்டார்கள். அங்கே அவன் “சொல்ல விருப்பமில்லை” என்று ஒரு வரி சொன்னால் போதும், புதிய நடைமுறைச் சட்டத்தின் 183-வது பிரிவுப்படி மாஜிஸ்திரேட் அவனைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. எழும்பூர் நீதிமன்ற வராந்தாவில் உங்கள் அதிகாரி காத்திருக்க, அவன் புழல் சிறை வேனில் ஏறுகிறான். அதிகாரி கையில் மிஞ்சியிருப்பது மூன்றாவது தூணோரம் சேற்றிலிருந்து எடுத்த துப்பாக்கியும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட மகஜரும்.